குரூஸ் பிடிக்கவில்லை, கியர் விழவில்லை: சேலத்திலிருந்து தாளவாடிக்கு

ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் குரூஸ் கண்ட்ரோலுக்கு நம்ம பக்கம் வேலை இருக்கிற ரோடு என்றால் சேலம் - கோவை நான்குவழிச் சாலைதான். சங்ககிரி தாண்டிவிட்டால் 80-இல் வைத்துவிட்டு வலது காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். மற்றபடி சந்தைக் கூட்டமும் வேகத்தடையும் உள்ள நம்ம ரோடுகளில் அது வெறும் அலங்காரம் என்பது என் கட்சி.

மாமாவின் பழைய டபுள் கேபின் பிக்கப்பில் அந்த அலங்காரமும் ஓடவில்லை. பின்னால் தாளவாடித் தோட்டத்துக்கான சொட்டுநீர்ப் பைப்புச் சுருள்கள். ஸ்டியரிங்கில் பொத்தானை அழுத்தினால் டேஷ்போர்டில் குரூஸ் விளக்கு எரிகிறது, செட் கொடுத்தால் பிடிப்பதில்லை. போதாக்குறைக்கு வைகுந்தம் சுங்கச்சாவடி வரிசையில் முதல் கியர் விழ மறுத்தது. கிளட்சை இரண்டு தரம் பம்ப் பண்ணினால் விழுகிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் கடிக்கிற சத்தம்.

கிளம்புவதற்கு முன்பே சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருந்தார் மாமா. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் முழுவதும் மாற்ற வேண்டும், குரூஸ் வயரிங் வேலை, அது தனி என்று சொல்லிவிட்டார்களாம்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே ஆரம்பிச்சுது மாப்ள, எப்படித் தனித்தனியாகும்?" என்று அவர் கேட்டது எனக்கும் நியாயமாகப் பட்டது.

பவானி தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்திப் பார்த்தேன். கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்கினால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. இங்கே இரண்டும் சேர்ந்தே ஏறின. அப்படியானால் பிளேட் நன்றாகத்தான் பிடிக்கிறது, மிதிக்கும்போது முழுதாக விடவில்லை. தேய்ந்த பிளேட்டும் விடாத பிளேட்டும் வேறு வேறு நோய். இரண்டாவதற்குப் பெரும்பாலும் கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டியதில்லை, பெடலை மிதிக்கும் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஆயில் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

சித்தோட்டில் திரும்பி, கவுந்தப்பாடி வழியாகக் கோபி. சத்தி ரோட்டோரம் ஒரு சின்னப் பட்டறை. மெக்கானிக் தம்பி வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்து விட்டார். பிறகு பெடலுக்கு அடியில் கைவிட்டு மேலே தூக்கினார். ஒரு விரல்கடை அளவுக்கு மேலே வந்தது.

"ஏனுங்ண்ணா, காலை எடுத்த பொறவும் பெடல் மேல வந்து நிக்கறதில்லீங்களே. கவனிச்சீங்களா?"

போனில் ஸ்கேனர் ஆப்பைத் திறந்து காட்டினார். யாருமே மிதிக்காதபோது, கிளட்ச் மிதிபட்டிருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருந்தது. பெடலைக் கையால் தூக்கிப் பிடித்தால் சரியாகக் காட்டியது.

விஷயம் இவ்வளவுதான். குரூஸில் போகும்போது கிளட்சை மிதித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். வேகம் குறைகிறதே என்று கம்ப்யூட்டர் டீசலைக் கொட்டினால் இன்ஜின் வெறுமனே கத்தும். அது நடக்கக் கூடாது என்றுதான் பெடலுக்கு மேலே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள், பெடல் கொஞ்சம் இறங்கினாலே குரூஸ் விட்டுவிடும். பிரேக் பெடலிலும் இதே ஏற்பாடு உண்டு. பிரேக் லைட் சுவிட்ச் கெட்டுப்போனாலும் பல வண்டிகளில் குரூஸ் பிடிக்காது. குரூஸ் தகராறு என்றால் ஸ்டியரிங்கைப் பிரிப்பதற்கு முன் இந்த இரண்டு சுவிட்சையும் பார்த்துவிடுவது நல்லது.

பெடல் ஏன் தொங்குகிறது? தம்பி மிதியடியைத் தூக்கி, பெடலுக்கு நேர் கீழே கார்பெட்டைத் தொட்டுக் காட்டினார். பிசுபிசுவென்று ஈரம். பெடல் மிதியை வாங்கி ஆயிலைக் கீழே தள்ளும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய், ஆயில் உள்பக்கமாகக் கசிந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இது படாது. ஆயில் குறைந்து காற்று புகுந்ததால் மிதிக்கும் அழுத்தம் கீழே போய்ச் சேரவில்லை, கியர் விழவில்லை. அதே காரணத்தால் பெடலும் முழுதாகத் திரும்பவில்லை, குரூஸும் பிடிக்கவில்லை.

"செட்டெல்லாம் எதுக்குங்க? நல்லா இருக்கறதைக் கழட்டி வீசறதுக்குங்களா?"

சீல் கிட் மட்டும் போட்டால் போதாதா என்றார் மாமா. கழற்றியபோது சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழுந்திருந்தது, புது சீலையும் அது தின்றுவிடும். ஈரோட்டுக் கடைக்குப் போன் போட்டு, புது சிலிண்டரைப் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னார் தம்பி.

அது வருவதற்குள் நானும் மாமாவும் டவுன் பஸ் பிடித்து கொடிவேரி போய் வந்தோம். பவானி ஆற்றை மறித்து, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் பழைய அணை. கோபியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சையாக இருப்பதும், சினிமாக்காரர்கள் இந்த ஊரைச் சுற்றி வந்ததும் இந்தத் தண்ணீரால்தான். குளிக்கிற கூட்டம் அதிகம். வறுத்த மீன் வாசனையைத் தாண்டி வருவதுதான் கஷ்டம், நாங்கள் தாண்டவில்லை.

திரும்பி வந்தபோது சிலிண்டர் பூட்டியாகிவிட்டது. ஏர் எடுக்க, அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற, என்னை பெடலில் உட்கார வைத்தார் தம்பி. அவர் சொன்னால் மிதித்துப் பிடிக்க வேண்டும், அவர் கீழே காற்றை வெளியே விடும் நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். குமிழி வருவது நிற்கும்வரை இதே வேலை. டீ நிறத்தில் வெளியேறியது பழைய ஆயில். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான் அது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டுமாம்.

சத்தி தாண்டி, பண்ணாரி அம்மனுக்கு ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு மலை ஏறினோம். திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து லாரி இறங்கினால் வளைவின் முழு அகலமும் அதற்குத்தான், நாம் கீழே நின்று வழிவிட வேண்டும். அப்படி நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதுதான் பிளேட்டைக் கருக்கும் பழக்கம். ஹேண்ட்பிரேக் போட்டு நின்று, முதல் கியரில் எடுத்தால் ஒன்றும் ஆகாது. முதல் கியர் கேட்டவுடன் விழுந்தது. ஆசனூர் தாண்டித் தாளவாடியில் பைப்பை இறக்கிவிட்டு, இரவு 9 மணிக்குச் சோதனைச்சாவடியில் ரோட்டை அடைப்பதற்குள் மலை இறங்க வேண்டும் என்று காபிக்குக்கூட நிற்காமல் கிளம்பினோம்.

வாரம் ஒருமுறை ஆயில் மட்டத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் தம்பி. மேலே புது சிலிண்டரின் முழு அழுத்தம் வந்ததும் கீழே கியர்பாக்ஸ் பக்கம் அந்த அழுத்தத்தை வாங்கும் பழைய சிலிண்டர் கசிய ஆரம்பிப்பது உண்டாம். மாமா தினமும் பார்க்கிறார்.