மிஸ்ஸி, சேலைன் சூடா இருக்கா?

தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் அம்மாமார் ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மிஸ்ஸி, பிள்ளையோட வயித்த கிழிப்பாங்களா?" சிறுநீரகக் கல் எடுக்கத் தலவாக்கலைப் பக்கமிருந்து ஏழு வயது மகனைக் கூட்டி வந்தவரும் அதையேதான் கேட்டார். டொக்டர் சிங்களத்தில் விளக்கியதற்கெல்லாம் தலையாட்டியவர், என் பேனாவைக் காட்டி, "முதுகுல இத விட மெல்லிசா ஒரு ஓட்டை, அவ்வளவுதான்" என்றதும்தான் கையெழுத்துப் போட்டார்.

பொய் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு பிரெஞ்ச் என்ற அளவில் 30 குழாய், அதாவது 10 மில்லிமீற்றர், போகும் இடத்தில் இவனுக்குப் போனது 18, வெறும் 6 மில்லிமீற்றர். குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே பார்த்து ஊசியைச் சிறுநீரகத்துக்குள் விட்டு, அதன் வழியே வயர், அப்புறம் குழாய், கமரா, கல்லை உடைக்க லேசர். கல் தெரிய உள்ளே சேலைன், அதாவது உப்புநீர், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், லீற்றர் லீற்றராக.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன். சூடாக்கி வைத்த பைகள் முடிந்துவிட்டன, கல்லோ இன்னும் பாதி கிடக்கிறது, அவசரத்தில் அலுமாரியிலிருந்த பையை எடுத்து மாட்டிவிட்டேன். எங்கள் ஊர்க் குளிரில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து டொக்டர் மொனிட்டரில் உடம்புச் சூட்டைப் பார்த்துவிட்டு "35!" என்றார். பதினெட்டுக் கிலோ உடம்பு, பெரியவர்களைப் போல் சூட்டைப் பிடித்து வைக்காது. எல்லாவற்றையும் நிறுத்தி, சூட்டுக் காற்றுப் போர்வை போட்டு, 36 தாண்டிய பிறகுதான் மறுபடி தொடங்கினோம். எனக்கு நல்ல ஏச்சு, வாங்க வேண்டியதுதான். இப்போதெல்லாம் பால் போத்தல் பார்ப்பது போல ஒவ்வொரு பையையும் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துத்தான் மாட்டுகிறேன்.

மூன்றாம் நாள் வார்டில் அவன் ஓடித் திரிந்தான். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், சிறுவருக்குக் கல் திரும்ப வரும் என்றேன். "இந்தக் குளிர்ல யாருக்கு மிஸ்ஸி தாகம் எடுக்குது? ஸ்கூல்ல கக்கூசுக்குப் போகப் பயந்தே குடிக்க மாட்டான்" என்றார் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை, லேசராலும் முடியாது.

அவனுக்கு வேறு கவலை. ஸ்கூலில் காட்ட ஒரு கல் வேண்டுமாம். எல்லாத் துண்டுகளையும் சோதனைக்கு அனுப்பியாயிற்று என்றதும், டிக்கெட் வெட்டி வீட்டுக்குப் போகும் வரை என்னோடு பேசவே இல்லை.