மல்லாந்து படுத்துக் கற்றவை

ஜனவரி 6

கீழ் முதுகில் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி இன்றோடு 11 வாரம். இடது கெண்டைச்சதை வரை இறங்கிக்கொண்டிருந்த வலி இப்போது தொடையோடு நின்றுவிடுகிறது. வலி காலை விட்டு மேலேறி முதுகுப் பக்கம் திரும்புவது நல்ல அறிகுறி என்றார் பிசியோதெரபிஸ்ட். "இனி நீங்கள் அசைய வேண்டும்" என்று சொல்லி, பிலாட்டீஸ் பயிற்சியாளர் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார். மூச்சோடு சேர்த்து உடலின் நடுப்பகுதியைப் பழக்கும் உடற்பயிற்சி முறையாம் அது.

அசைவதற்குத்தான் பயமாக இருக்கிறது. இத்தனை வாரமும் வயிற்றை எக்கிப் பிடித்தபடியே நடந்திருக்கிறேன். தும்மல் வருவது தெரிந்தால் கை தானாகச் சுவரைத் தேடுகிறது.

ஜனவரி 8

முதல் வகுப்பு. ஒரு மணி நேரம் விரிப்பில் மல்லாந்து படுத்து மூச்சு விட்டேன், ஏறக்குறைய அவ்வளவுதான்.

முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்ற வேண்டும். முன்பக்கத்து இடுப்பெலும்பு முனைகள் இரண்டும், அடிவயிற்றுக்குக் கீழே உள்ள எலும்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போது இடுப்புக்குப் பின்னால் தரைக்கும் முதுகுக்கும் நடுவே சிறிய இடைவெளி கிடைக்கும். இதை நடுநிலை என்கிறார்கள். பிறகு விலாக்களின் மேல் கைகளை வைத்து, அவை பக்கவாட்டில் விரியும்படி மூச்சை இழுக்க வேண்டும். மூச்சை வெளியே விடும்போது அடிவயிற்றை மிக இலேசாக உள்ளே வாங்க வேண்டும்.

நான் முழு பலத்தையும் கொடுத்தேன். "மூச்சு ஓடுகிறதா?" என்று பயிற்சியாளர் கேட்டார். ஓடவில்லை. "அப்படியென்றால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். இதில் கால்வாசி போதும்."

ஜனவரி 9

வயிற்றில் எந்த வலியும் இல்லை. எதுவும் செய்யாதது போலவே இருக்கிறது.

ஜனவரி 13

ஏன் கால்வாசி போதும் என்று தெரிந்துகொள்ள இரவெல்லாம் படித்தேன். வயிற்றின் ஆழத்தில், கச்சை கட்டியதுபோல் உடலைச் சுற்றி ஓடும் குறுக்குத் தசை ஒன்று இருக்கிறது. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், பின்னால் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மல்டிஃபிடஸ். இவை நான்கும் சேர்ந்ததே உடலின் நடுப்பகுதி. கண்ணாடியில் கட்டுக்கட்டாகத் தெரியும் வயிற்றுத் தசை இந்தக் கணக்கில் இல்லை.

1996-இல் ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. முதுகுவலி இல்லாதவர் கையை உயர்த்தும்போது, கையை அசைக்கும் தசைக்கும் முன்பாகவே இந்தக் குறுக்குத் தசை விழித்துக்கொள்கிறது. முதுகுவலிக்காரர்களிடம் அது தாமதமாக விழிக்கிறது. அதே ஆண்டு ஜூலி ஹைட்ஸ் குழுவினர் கண்டது இன்னொன்று: முதல் முறை வந்த முதுகுவலி தணிந்த பின்னும், மெலிந்துபோன மல்டிஃபிடஸ் தானாகப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை.

வலி போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஜனவரி 20

இன்றைய வகுப்பை மறக்க மாட்டேன். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் போன்ற ஒரு காற்றுப் பையை என் இடுப்பின் கீழ் வைத்து, முள் 40-இல் நிற்கும் வரை காற்றடித்தார். "ஒரு பாதத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். முள் அசையக் கூடாது."

தூக்கினேன். முள் 58-க்குத் தாவியது. கால் எழும்புவதற்கு முன்பே என் முதுகு தரையை அழுத்தித் தள்ளியிருக்கிறது. நான் வலிமை என்று எண்ணியிருந்தது இதைத்தான். மறுபடி முயன்றேன், 55. மூன்றாம் முறை, "காலைத் தூக்க வேண்டாம், அதன் பாரம் மட்டும் குறையட்டும்" என்றார். மூச்சை விட்டபடியே குதிகாலை ஒரு விரற்கடை எழுப்பினேன். முள் 42-இல் நின்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது. உடம்பு கேட்காத எதையோ 13 வாரமாக அதன்மேல் திணித்திருக்கிறேன்.

ஜனவரி 29

இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். நோஞ்சான் பிள்ளையாக வளர்ந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் எதிரி நாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்டார்; மான் தீவு (Isle of Man) முகாமிலும் இருந்தார். 1920-களில் நியூயார்க் சென்று, துணைவி கிளாராவுடன் பயிற்சிக்கூடம் நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கண்ட்ராலஜி'. 1945-இல் வெளியிட்ட நூலில் 34 விரிப்புப் பயிற்சிகளைத் தந்திருக்கிறார்.

அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அந்த 34-இல் பல, முதுகெலும்பைச் சுருட்டுபவை. வட்டு பிதுங்கி ஆறாத நிலையில் உள்ளவரும், எலும்பு அடர்த்தி குறைந்தவரும் (ஆஸ்டியோபோரோசிஸ்) காணொளியைப் பார்த்து அந்த வரிசையை அப்படியே செய்யக் கூடாது. மூல வரிசை புனிதமானது என்று வாதிடுவோரை என்னால் ஏற்க முடியாது. முன் குனிந்து உருளும் எல்லாவற்றையும் என் பயிற்சியாளர் முதல் நாளே எடுத்துவிட்டார். பதிலாக, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுகிறேன். குப்புறப் படுத்து நெஞ்சை இலேசாக எழுப்புகிறேன்.

பிப்ரவரி 3

மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. கால்வலி திரும்பிவிட்டது. பிசியோதெரபிஸ்டை அழைத்தேன். தொடையிடுக்கில் மரத்துப்போகிறதா, சிறுநீர் கழிப்பதில் தடை உண்டா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை. இருந்திருந்தால் அந்தக் கணமே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டுமாம். இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 5

"நிமிர்ந்துதானே உட்கார்ந்திருந்தேன்!" என்று பயிற்சியாளரிடம் முறையிட்டேன். அதுதான் சிக்கல் என்றார். தோளைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சைத் தூக்கி மூன்று மணி நேரம் உறைந்திருப்பதைவிட, சாய்ந்து, மாறி, எழுந்து நடப்பது மேல். இனி அரை மணிக்கு ஒருமுறை எழுவேன்.

பிப்ரவரி 12

முதன்முறையாக ரிஃபார்மர். ஸ்பிரிங்குகளால் இழுக்கப்பட்டு முன்னும் பின்னும் நகரும் படுக்கை. கால் பயிற்சிக்கு மூன்று ஸ்பிரிங் மாட்டினார், எளிதாகத் தள்ளினேன். பிறகு மண்டியிட்டுக் கைகளால் தள்ளும் பயிற்சிக்கு ஒன்றே ஒன்றை விட்டுவைத்தார். எடை குறைந்தது, நடுக்கம் கூடியது. தாங்க எதுவும் இல்லாதபோது உடம்பே தாங்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 24

பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் மீளாய்வு ஒன்றைப் படித்தேன்; 2015-இல் வெளிவந்தது. 10 சோதனைகள், 510 பேர். முதுகுவலிக்கு ஏறத்தாழ எதுவும் செய்யாமல் இருப்பதைவிடப் பிலாட்டீஸ் நல்லது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை. முதலில் மனம் சுருங்கியது. ஆனால் நடையோ நீச்சலோ என் அச்சத்தை எனக்குக் காட்டியிருக்காது. அந்த முள் காட்டியது.

மார்ச் 5

இன்று 'நூறு' என்ற பயிற்சி. ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்துக்கு விட்டு, கைகளைப் பக்கத்தில் படபடவென்று அசைத்தபடி பத்துச் சுற்று. எனக்குத் தலை தரையில், பாதங்கள் ஊன்றியபடி. ஏழாம் சுற்றில் தும்மல் வந்தது. தும்மி முடித்த பிறகுதான், கை எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன்.

எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.