ரோபோவ ஆரம்பப் பிரிவுக்கும் கொண்டுபோங்கோ

எங்கட ரோபோட்டிக்ஸ் கழகத்துப் பெரிய பிள்ளையள் போட்டிக்கு ரோபோ செய்யிறதோட நிண்டுடக் கூடாது, அதத் தூக்கிக்கொண்டு சின்னப் பள்ளிக்கூடங்களுக்குப் போகோணும் எண்டு கன நாளாச் சொல்லிக்கொண்டிருக்கிறன். இங்க இலங்கையில விஞ்ஞானம் தனிப் பாடமா வாறது ஆறாம் ஆண்டிலதான், அதுக்கு முதல் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள். நல்ல பாடம்தான், ஆனா அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை கிட்ட வர பிள்ளையள் மாதிரி வினாத்தாளுக்குள்ள புதைஞ்சுபோகுதுகள், ஒண்டத் தொட்டுப் பாக்க எங்க நேரம்?

போன கிழமை முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனம். ஆர்டுயினோ எண்டுற சின்னக் கணினிப் போட், ரெண்டு மோட்டர், முன்னுக்கு அல்ட்ராசோனிக் சென்சர், அவ்வளவுதான் வண்டில். அந்த சென்சர் 40 கிலோஹேர்ட்ஸ்ல சத்தம் விடும், எங்கட காது 20க்கு மேல கேக்காது, சத்தம் பட்டுத் திரும்பி வாற நேரத்த வச்சு தூரம் கணக்குப் பாக்கும், ஒரு மீற்றர் தள்ளி சுவர் இருந்தா செக்கனில ஆயிரத்தில ஆறு பங்குதான் எடுக்கும். முன்னுக்கு ஏதும் கிட்ட இருந்தா வண்டில் தானா நிக்கும். வௌவாலும் இப்பிடித்தான் எண்டு பத்தாம் ஆண்டு அக்கா சொல்ல, ஒரு பெடியன் மேசை துடைக்கிற பழந்துணிய மடிச்சு முன்னுக்குப் பிடிச்சான், வண்டில் நிக்காம வந்து முட்டிச்சு! அவ விளக்கம் சொல்லேல்ல, "ஏனெண்டு நீயே பார்" எண்டு கொப்பி ஒண்டக் குடுத்தா. கொப்பிக்கு நிண்டுது. சரிச்சுப் பிடிக்க நிக்கேல்ல. திரும்பத் துணி, திரும்பக் கொப்பி, கடைசில அவனே "துணி சத்தத்தக் குடிச்சுப்போட்டுது அக்கா" எண்டான்.

எனக்கு அந்த இடம்தான் முக்கியம். அவன் சொன்னது எந்த வினாத்தாளிலயும் இல்ல.

எல்லாத்துக்கும் ரோபோ வேணுமெண்டும் இல்ல, ரெண்டாம் மூண்டாம் ஆண்டுக்கு ஒரு டோர்ச் பல்ப், பற்றரி, வயர் துண்டு காணும். வகுப்பு ரீச்சரும் பிள்ளையளோட நிலத்தில இருந்து செய்து பாக்கோணும், இல்லாட்டி நாங்கள் போன உடன எல்லாம் பழையபடி. அடுத்த முறை அதே சென்சரை வாளிக்கு மேல கவிட்டுப் பிடிச்சு தண்ணி மட்டம் அளக்கப்போறம், இரணைமடுக் குளத்தில எத்தின அடி தண்ணி எண்டு வீட்டில ஒவ்வொரு மாரிக்கும் கதைக்கிறதக் கேட்ட பிள்ளையள்தானே, டக்கெண்டு பிடிச்சிடுவினம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கிற யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில படிக்கிறவை ஆரும் இத வாசிச்சா ஒரு சனிக்கிழமை எங்களோட வாங்கோ. வீட்டில பழுதாப்போன டிவிடி பிளேயர் கிடந்தா எறியாதேங்கோ, உள்ளுக்க இருக்கிற சின்ன மோட்டர் எங்களுக்கு வேணும்.