ரெண்டே நிமிஷம்

"தேடினா ஆறு பீஸ் இருக்குன்னு காட்டுது, ரேக்குல ஒண்ணும் இல்ல. பார்ட்டி எதிர்ல உக்காந்திருக்காங்க தம்பி. இருக்கா இல்லையா, ஒண்ணு சொல்லு."

"ரெண்டே நிமிஷம் அக்கா, தானா சரியாயிடும்."

நான் எழுதிய பில், சரக்குத் தேடல் சாஃப்ட்வேரை வைத்திருக்கும் எம்.சி. ரோடு சேலைக் கடையிலிருந்து அக்காவின் போன். ஆடித் தள்ளுபடியிலேயே ஆவணிக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்களை அவர் என் பேச்சை நம்பி அரை மணி நேரம் உட்கார வைத்திருந்தார். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. தேடலை நடத்தும் எலாஸ்டிக்சர்ச் தன் இண்டெக்ஸை, அதாவது தேடலுக்கென்று தனியாக வைத்திருக்கும் பட்டியலை, வழக்கமாக ஒரு விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும், வேலைகள் காத்திருக்கும் க்யூவில் கொஞ்சம் தாமதம் என்று வைத்தாலும் இரண்டு நிமிடம் தாராளம். இண்டெக்ஸ் வேலையைப் பில்லோடு சேர்க்காமல் தனியாக ஓடும் பின்னணி ஜாபுக்குத் தள்ளியதும் சரிதான், இல்லையென்றால் தேடல் சர்வர் திணறும்போதெல்லாம் பில்லும் சேர்ந்து நிற்கும், ஆடிக் கூட்டத்தில் அதை யார் தாங்குவது?

ஆனால் ஜாபை ஆஃப்டர் சேவில், அதாவது ஒவ்வொரு ஐட்டமும் சேவ் ஆனதுமே கிளம்பும்படி, போட்டிருந்தேன். பதினைந்து ஐட்டம் உள்ள பில்லில் முதல் சேலை சேவ் ஆனதுமே ஜாப் க்யூவுக்குப் போய்விடும், மீதி பதினாலும் முடிந்த பிறகுதான் கமிட், அதாவது மாற்றம் டேட்டாபேஸில் உறுதியாகி வெளியே தெரிவது. அதற்குள் ஜாப்களை ஓட்டும் சைட்கிக் அந்த ஜாபை எடுத்து, டேட்டாபேஸில் இன்னும் மாறாமல் இருக்கும் பழைய ஆறைப் படித்து, அதையே மறுபடி இண்டெக்ஸில் எழுதிவிட்டு முடிந்தது என்கிறது. புதுச் சரக்கு என்றால் ரெக்கார்டே கிடைக்காமல் எரர் வரும், தானாக மறுபடி முயலும் ரீட்ரையில் சரியாகிவிடும். இங்கே எரரும் இல்லை, ரீட்ரையும் இல்லை. அந்தச் சேலையை அடுத்து யாராவது தொடும்வரை, இரண்டு நாளானாலும், ஆறு ஆறாகவேதான் இருக்கும்.

அப்போது எனக்கு இது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அட்மின் திரை எதிரிலேயே திறந்திருந்தது, அந்தச் சேலையின் நம்பரைப் போட்டிருந்தால் டேட்டாபேஸில் பூஜ்யம் என்று காட்டியிருக்கும். அவர் கேட்டதும் அவ்வளவுதான். சரி, போனில் பேசிக்கொண்டே யார் அதையெல்லாம் பார்ப்பார்கள் என்றும் தோன்றுகிறது. பார்த்திருக்கலாம்.

ஆஃப்டர் கமிட்டுக்கு மாற்ற ஒரு வரிதான் தேவைப்பட்டது. கடை சாத்தியதும் முழு இண்டெக்ஸையும் மறுபடி ஏற்றினேன். அக்காவிடம் "சரி பண்ணிட்டேன்" என்றேன், இரண்டு நிமிடம் என்றது தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அவர் இப்போதும் தேடலில் எண் வந்ததும், ரேக்கில் எண்ணிவிட்டு வா என்று கடைப் பையனை அனுப்புகிறார்.