கொட்டகைப் பக்கம் வரும் பூனை

ஜூன் 7

இன்னொரு கோழியும் போய்விட்டது, இந்த வாரத்தில் மூன்றாவது. மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபாலில் எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர், ஆடுதான் பிழைப்பு, கோழி அம்மாவின் ஆசைக்கு. ஆனாலும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியைக் கழற்றிவந்து வேலியோரம் கண்ணி வைக்கப் போகிறேன் என்று நின்றார். "ரெண்டு நாள் பொறுங்கப்பா, எதுன்னு பார்த்துடுவோம்" என்று கெஞ்சி நிறுத்தினேன். கண்ணிக்கு ஆள் அடையாளம் தெரியாது, நம் ஆட்டுக்குட்டியின் காலும் அதில் மாட்டும்.

ஜூன் 9

குழாயடிச் சேற்றில் தடம். நாலு விரல், உருண்டை, நகம் பதியவே இல்லை. நாய் என்றால் நகம் பதிந்திருக்கும். 50 காசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வீட்டுப் பூனையாகவும் இருக்கலாம். நண்பனிடம் தானியங்கிக் கேமரா இரவல் வாங்கிக் கொட்டகைத் தூணில் கட்டியிருக்கிறேன்.

ஜூன் 12

சிறுத்தைப் பூனை! மலாய்க்காரர்கள் கூச்சிங் பத்து என்பார்களே, அதுதான். காதுக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு, நெற்றியில் கோடு, உடம்பெல்லாம் புள்ளி, வாயில் எலி. அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கோழியையும் இதுதான் தூக்கியிருக்கும், அதை நான் மறைக்கவில்லை, ஆனால் கூட்டுக் கதவு இடுக்கு ஒரு சாண் அகலம். தீவன மூட்டையைக் கடிக்கிற எலியை இது தின்கிறதே, அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டாமா? எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் ஆட்டையும் விடாது, நம்மையும் விடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்றும் சொன்னேன். அப்பாவை அசைத்தது என்னவோ அந்த எலிதான்.

ஜூன் 15

பக்கத்துச் செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்கு 25 வயதாகிவிட்டது, மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கிறார்கள். அங்கே இருந்ததெல்லாம் எங்கே போகும்? எங்கள் வாய்க்கால் ஓரத்து லாலான் புல்லும் புதரும்தான் மிச்சம். காட்டுக்குள் விலங்கைக் காப்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இந்தப் பூனை குடியிருப்பது நம்மைப் போன்றவர்களின் பட்டா நிலத்தில், அதைக் காப்பதும் நம் கையில்தான். புதரை வெட்டாமல் விடுவதாக அப்பா ஒத்துக்கொண்டார்.

ஜூன் 18

கூட்டுக்குச் சின்னக் கண் வலை அடித்தோம், இடுக்கைப் பலகையால் மூடினோம். ஆறு மணிக்குக் கோழிகள் உள்ளே. பிறந்த குட்டிகள் ராத்திரியில் பரண் கொட்டகையில் தாயோடு.

இப்போது கவலை பக்கத்து நிலத்து மாமாவின் எலி மருந்து. அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும், பூனை சுலபமாகப் பிடித்துத் தின்னும், விஷம் அதன் உடம்பிலும் ஏறும். ஆந்தைக்கும் அதே கதி. "எலியை யார் பிடிப்பாங்க, உங்க பூனையா?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். நாளைக்குப் படங்களோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அப்பா சொன்னால் மாமா கேட்பார்.