பாதை பூட்டின காலத்தில் சங்கக்கடையில் சாமான் எடுத்த கதை

2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி இராணுவத்துக்கும் புலிகளுக்கும் எல்லையாயிருந்த முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைத்த ஏ9 பாதை பூட்டப்பட்டபோது நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. திருவிழாவுக்கென்று கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த சனமும் எங்களோடு சேர்ந்து அகப்பட்டுக்கொண்டது. எங்கள் சித்தியும் அப்படித்தான். முதலில் முழுநாள் ஊரடங்கு. அதைச் சில மணித்தியாலம் தளர்த்தியபோது எல்லாரும் கடைகளுக்கே ஓடினார்கள். கொஞ்சம் பிந்திப் போனவர்களுக்குச் சீனியும் இல்லை, மாவும் இல்லை. இருந்த இடத்தில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான்.

அதன் பிறகு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்தின் சாப்பாடு கப்பலை நம்பித்தான் இருந்தது. கொழும்பிலோ திருகோணமலையிலோ ஏற்றிய சாமான் காங்கேசன்துறையில் அல்லது பருத்தித்துறையில் இறங்கும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கணக்குப் பார்த்து அதைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பிரிப்பார்கள். சங்கம் தன் கிளைக் கடைகளுக்கு அனுப்பும். நாங்கள் குடும்ப அட்டையைக் கொண்டுபோய் அங்கே எடுக்கவேண்டும். இதை நிவாரணம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிவாரணமாக உலர் உணவு வாங்கியவர்கள் இடம்பெயர்ந்த குடும்பங்கள். நாங்கள் காசு கொடுத்துத்தான் வாங்கினோம், ஆனால் கட்டுப்பாட்டு விலைக்கு. அந்த வித்தியாசம்தான் எங்களைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களைக் காப்பாற்றியது. வெளியில் விற்ற விலைக்கு வாங்கியிருந்தால் அம்மாவின் சம்பளம் முதல் கிழமையோடு முடிந்திருக்கும்.

அட்டையில் முக்கியமானது ஆட்களின் எண்ணிக்கையும் விதானையாரின் (கிராம அலுவலரின்) முத்திரையும். அரிசி, மா, சீனி, பருப்பு என்று எது வந்தாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அளவு ஒவ்வொரு முறையும் மாறும். கப்பலில் என்ன வந்தது, எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்தது அது. கடை வாசல் கரும்பலகையில் மனேச்சர் வெண்கட்டியால் எழுதிப்போடுவார். அதைப் பார்த்தவர் ஒழுங்கையில் சைக்கிளில் வரும்போதே "சீனி வந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டு வருவார். அவ்வளவுதான், வீட்டில் பாதிக் கோலத்தில் நிற்பவர்களும் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார்கள்.

வரிசையில் சண்டை வராமல் இருந்ததற்கு எங்கள் கடை மனேச்சர்தான் காரணம். அட்டைகளை வாங்கி அடுக்கிவைத்துப் பெயர் கூப்பிடுவார். வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரரையும் முதலில் அனுப்பிவிடுவார். ஒருநாள் சீனி மூட்டை ஈரம் பட்டு, அடியில் கல்லுப்போல் கட்டிபட்டு வந்தது. முதலில் நிற்பவர்களுக்கு நல்ல சீனியையும் கடைசி ஆட்களுக்குக் கட்டியையும் கொடுத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க முடியாது. அவர் மூட்டையைச் சாக்கில் கவிழ்த்துக் கொட்டி, படிக்கல்லால் கட்டிகளை உடைத்து, எல்லாவற்றையும் கலந்த பிறகுதான் தராசை எடுத்தார். அதற்கே நிறைய நேரம் போய்விட்டது, ஊரடங்குக்கு முன்னர் வீடு போய்ச் சேரவேண்டுமே என்று எல்லாருக்கும் பதற்றம். ஆனால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்கு அந்த மனிதரில் இன்றைக்கும் பெரிய மரியாதை.

எங்களுக்கு இருந்த சிக்கல் சித்தி. அட்டையில் நான்கு பேர், சாப்பிடுவது ஐந்து பேர். விதானையாரிடம் போனால், இங்கே பதிவில்லாதவரைச் சேர்க்கக் கடிதம் வேண்டும் என்றார். நியாயம்தான், எல்லாரும் ஒரு பெயரைக் கூட்டினால் யாருக்குத்தான் மிஞ்சும்? சித்தியின் அடையாள அட்டை, கொழும்பிலிருந்து வந்த பஸ் ரிக்கற், அம்மாவின் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் எல்லாம் கொடுத்தோம். அவர் உறுதிப்படுத்தி எழுதினார். பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கிக்கொண்டு வந்த பிறகு தற்காலிகமாக ஒரு ஆள் கூட்டப்பட்டது. பஸ் ரிக்கற்றைச் சித்தி எறியாமல் கைப்பைக்குள் வைத்திருந்தது பெரிய உதவி. பாதை பூட்டுவதற்கு முன்னர் வந்தவர் என்பதற்கு வேறு அத்தாட்சி எங்களிடம் இருக்கவில்லை.

அட்டைக்குக் கிடைக்காத சாமான்களில் எங்களை அதிகம் வருத்தியது தேங்காய். பளைத் தேங்காய்தான் யாழ்ப்பாணத்துக்கு வரும். பளையோ முகமாலைக்கு அந்தப் பக்கம். ஒரே நாளில் அது வேறு நாட்டுத் தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. தேங்காய்ப்பூ இல்லாத பிட்டைத் தொண்டைக்குள் இறக்குவது சும்மா வேலை இல்லை. அம்மம்மா முருங்கையிலையைச் சுண்டி மாவோடு சேர்த்து அவிப்பா. சொதிக்குப் பால் இல்லாமல் பருப்பைக் கரைய அவித்து அதிலேயே புளி விட்டு இறக்குவா. சீனி முடிந்தால் வெறுந் தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும்.

அம்மம்மாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. 1990 ஜூனில் சண்டை தொடங்கியபோது வந்த பொருளாதாரத் தடையை அவ அனுபவித்தவ. அப்போது பெற்றோல், சவர்க்காரம், பற்றரி, சீமெந்து, பசளை என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் அருந்தலாகி, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை நனைத்து விளக்கெரித்த காலம். அதனால் அரிசி வந்ததும் முதல் வேலையாக ஆளுக்கு ஒரு பிடி எடுத்துத் தனிப் பேணியில் போட்டுவிடுவா. அதைத் தொட விடமாட்டா. அடுத்த கப்பல் பிந்தியபோது அந்தப் பேணிதான் கஞ்சிக்கு உதவியது. காய்ந்த பனங்கிழங்கில் இடிக்கும் ஒடியல் மாவும் வைத்திருந்தா. அதில் காய்ச்சிய, மீன் அதிகம் இல்லாத கூழை அந்த ஆவணி, புரட்டாதியில் நிறையக் குடித்தோம். கடலுக்குப் போகவும் கட்டுப்பாடு இருந்ததால் மீன் விலையும் ஏறித்தான் கிடந்தது.

சித்தி கொழும்பு போக இராணுவத்திடம் அனுமதி எடுத்து, கப்பல் பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருந்து, ஒருவழியாகக் காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலை வழியாகப் போய்ச் சேர்ந்தா. அடுத்த காலையே அம்மா அட்டையைக் கொண்டுபோய் அவவின் பெயரை வெட்டுவித்தா. "இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமே" என்று தம்பி கேட்டான். "அந்தப் பங்கு வேறை ஆரோ ஒரு பிள்ளையின்ரை" என்றுவிட்டு அம்மா சைக்கிளை எடுத்தா. அந்த மாதம் வந்த மாவை நான்கு பேருக்கே எடுத்தோம்.