பெய்ஸ்லி ரோடு டோலில் வெள்ளிக்கிழமை இரவுகள்

மார்ச் 7, 2025, வெள்ளி

கிளாஸ்கோ வந்து ஐந்து மாதம். வார்டு, வீடு, இரண்டுக்கும் நடுவே பேருந்து, அவ்வளவுதான். இன்று வார்டின் மூத்த நர்ஸ் ஒருவர் விடாமல் என்னைக் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற மன்றத்துக்கு அழைத்துப்போனார். அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரி பாடி ஆடும் இடம். பெய்ஸ்லி ரோடு டோல் என்ற பகுதியில், கோவன் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. வெளியே தூறல். உள்ளே அகலத் தொப்பி, குஞ்சம் வைத்த சட்டை, பூட்ஸ் என்று அறுபது, எழுபது வயதுக்காரர்கள் மின்ன மின்ன உட்கார்ந்திருந்தார்கள்.

பெயர் அமெரிக்காவின் நாஷ்வில்லிலிருந்து வந்தது. அங்கே 1925-ல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கியதுதான் அந்த ஓப்ரி. அது ரைமன் அரங்கத்தை விட்டுப் புது இடத்துக்குப் போனது 1974-ல். கிளாஸ்கோவில் இந்த மன்றம் பிறந்ததும் அதே ஆண்டு.

மேடையில் பிடில் கேட்டதும் எனக்கு ஒன்று புரிந்தது. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்தின் வடக்கிலிருந்தும் அப்பலாச்சிய மலைகளுக்குக் குடியேறியவர்கள் கொண்டுபோன மெட்டுகளும் கதைப்பாடல்களும் கன்ட்ரி இசையின் வேர்களில் ஒன்று. கறுப்பின மக்களின் பான்ஜோ என்ற நரம்பு வாத்தியம் இன்னொன்று. இவர்கள் வேற்று ஊர் இசையைக் கொண்டாடவில்லை. போன பிள்ளை வீடு திரும்பியிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

இடைவேளையில் பிங்கோ. அப்புறம் துப்பாக்கிப் போட்டி: இருவர் எதிரெதிரே நின்று, யார் முதலில் உறையிலிருந்து உருவிச் சுடுகிறார் என்று பார்க்கிறார்கள். வெற்றுத் தோட்டாதான், ஆனாலும் காது அடைத்தது.

அடிமை முறையைக் காக்கப் போரிட்ட அமெரிக்கத் தென் மாநிலங்களின் கொடி முன்பு இங்கே இருந்ததாம். சில ஆண்டுகளுக்கு முன் உறுப்பினர்கள் ஓட்டெடுத்து, மிகக் குறைந்த வித்தியாசத்தில் அதை விலக்கினார்கள். அந்தக் கொடி இருந்திருந்தால் இந்த நிறத்தோடு நான் உள்ளே வந்து நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டேன். அன்று விலக்கச் சொல்லி ஓட்டுப் போட்டவர்களுக்கு மனதார நன்றி.

மார்ச் 22, சனி

இன்று ஆடினேன்! வரிசை வரிசையாக நின்று ஆடும் லைன் டான்ஸுக்கு ஜோடி வேண்டாம். கும்மி மாதிரி, இடம் பார்த்து நுழைந்துவிடலாம். பக்கவாட்டில் ஓர் எட்டு, பின்னால் குறுக்கே ஓர் எட்டு, மறுபடி பக்கவாட்டில், பிறகு பாதத்தை ஒட்டுவது. முன்னால் நிற்பவர் காலைப் பார்த்து ஆடலாம் என்று கடைசி வரிசையில் நின்றேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எல்லோரும் கால்வட்டம் திரும்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் திருப்பத்தில் நானே முதல் வரிசை. பார்த்து ஆட எதிரே சுவர்தான்.

பக்கத்திலிருந்த பாட்டி, “எண்ணாதே ஹென், பாட்டைக் கேள்” என்றார். இங்கே பெண்களைச் செல்லமாக ‘ஹென்’ என்பார்கள். நம் ஊர் ‘கண்ணு’ போல. எண்ணுவதை விட்டேன். கால் தானாகப் போனது.

அடுத்த வெள்ளி எனக்கு இரவுப் பணி. மாற்றித் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறேன்.